நாத்தனார் போக மறுத்த தெரு

எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் திசை என்பதே கிடையாது. பிறந்து வளர்ந்த தெருவிலேயே அக்காவும் நானும் ஒரு கடைக்குள் போய்விட்டு வெளியே வந்தால், எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். நான் தையல் மெஷின் பழுது பார்க்கிறவள். மெஷினைப் பிரித்துப் பரப்பினால் எந்தத் திருகு எந்தத் துளைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அந்த மெஷின் இருக்கும் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். அதனால்தான் என் வீட்டுக்காரர் காருக்கு ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கி மாட்டினார்.

உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒரு ரப்பர் கிண்ணம் அதை முன்கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். அந்தக் கிண்ணத்தில் பசை எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டால், வெளியே இருக்கும் காற்றே அதைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திக்கொள்ளும். வெயிலில் ரப்பர் இளகி ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், கருவி தொப்பென்று மடியில் விழும். போனிலேயே வழி தெரியுமே என்று கேட்பவர்கள் உண்டு. என் போனில் நாள் முழுக்க வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். வழி சொல்வதற்கென்று தனியாக ஒரு ஆள் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று அனுபவித்தால்தான் தெரியும்.

அந்தக் கருவிக்குப் பெண் குரல். என் வீட்டுக்காரர் அதற்கு நாத்தனார் என்று பெயர் வைத்தார்.

"எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல. உனக்கு நாத்தனார் இல்லாத குறைய இவ தீத்து வெப்பா. நீ தப்பா திரும்பினாக்கூட ஒரு வார்த்தை சுருக்குனு சொல்ல மாட்டா. யாருக்குக் கெடைக்கும் இந்த மாதிரி நாத்தனார்?"

அக்காவுக்கும் அவள்தான் வழித்துணை. அத்தான் அக்காவை விட்டுவிட்டு வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போன பிறகு, அக்கா எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் காரை வாங்கிக்கொண்டு மனசு காற்றாட ஒரு சுற்றுப் போய் வருவாள். ஒருமுறை சாவியைத் திருப்பித் தரும்போது கேட்டாள்: "ஏன்டி, நாம எங்கெங்க போனோம்னு இது யார்கிட்டயாவது சொல்லிடுமா?"

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம் தாங்காது. உட்காரவைத்து விளக்கினேன். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கருவி அவற்றைக் கேட்கிறது. எந்தச் சேதி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்து, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அந்தத் தூரங்கள் எல்லாம் சந்திக்கும் புள்ளியில் நம்மைக் கண்டுபிடிக்கிறது. ரேடியோ மாதிரிதான். காது உண்டு, வாய் கிடையாது.

"நல்லது" என்றாள் அக்கா.

கொஞ்ச நாளில் நாத்தனாரின் போக்கில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் திரைச்சீலை தைக்கும் அம்மா ஒருத்தர் எனக்கு நெடுநாள் வாடிக்கை. அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கருவி என்னைப் பெரிய பாலம் வழியாகக் கூட்டிக்கொண்டு போனது.

"பாலத்துப் பக்கமிருந்து ஏம்மா வர்றீங்க? பஸ் டிப்போ பக்கமா நேரா வந்தா இதோன்னு வந்துடலாமே!" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. வழி கண்டுபிடிக்கும் கருவிக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. அது ஊரிலுள்ள சாலைகளையெல்லாம் சந்திப்புக்குச் சந்திப்பு துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று அதற்குத் தெரியும். துண்டுகளைக் கூட்டிப் பார்த்து, எந்தக் கூட்டல் சிறியதோ அந்த வழியில் போகச் சொல்லும். அது சுற்றி வளைக்கிறது என்றால் நேர்வழியில் ஏதோ ஒரு துண்டு அடைபட்டிருக்க வேண்டும். ஒருவழிப் பாதையாக இருக்கலாம், பாலம் இடிந்திருக்கலாம், வரைபடம் பழையதாக இருக்கலாம். ஆனால் அந்த வழியில்தான் பேருந்துகளே போகின்றன.

தையல் விட்டு விட்டு விழுந்தால் எடுத்த எடுப்பில் மெஷினைப் பிரிக்க மாட்டேன். முதலில் ஊசியை மாற்றுவேன், அப்புறம் நூல், அப்புறம்தான் ஷட்டில். இங்கும் அப்படியே செய்தேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திவைத்து, போகவேண்டிய இடத்தை ஒவ்வொரு தெருவாக நகர்த்தி வழி கேட்டேன். கால்வாய்க்கும் டிப்போவுக்கும் நடுவில் நாலைந்து தெருக்கள் அடங்கிய ஒரு சின்னக் கட்டம். அதைத் தொடாமல் எங்கே கேட்டாலும் நாத்தனார் தயங்காமல் வழி சொன்னாள். அதற்குள் ஒரு வீட்டைக் கேட்டதும் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: 'இந்தப் பாதை நீங்கள் தவிர்க்கச் சொன்ன பகுதிக்குள் செல்கிறது. தொடரலாமா?'

நான் எதையும் தவிர்க்கச் சொல்லவில்லை.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தத் தெருக்களின் மேல் விரலால் இழுத்து வரைந்த ஒரு சாம்பல் நிறச் சதுரம். அதற்கு ஒரு பெயரும் எழுதியிருந்தது: 'வேண்டாம்'. அக்காவுக்குக் கருவியில் இடத்தைத் தட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. மிச்சம் இருப்பவர் ஒருவர்தான்.

அன்று சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "ஏங்க, அந்த டிப்போ பக்கம் நாத்தனார் போகவே மாட்டேங்கிறாளே, ஏன்?"

அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மேப் பழசா இருக்கும்."

"போன மாசம்தான புதுசு ஏத்தினீங்க?"

"அப்ப சரியா ஏறியிருக்காது."

அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கீறல் விழும் என்று எதையும் கவிழ்த்து வைக்காத கை அது. அன்று போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். சந்தேகம் வந்த பிறகு எந்தப் பொருளும் சும்மா இருப்பதில்லை. சட்டைப் பையில் இருந்த பேருந்துச் சீட்டு, குளியலறையில் முணுமுணுத்த பாட்டு, எல்லாமே என்னிடம் எதையோ மறைத்தன. ஓர் ஆண் தன் மனைவி எந்தத் தெருவுக்குள் வந்துவிடக் கூடாது என்று நினைப்பான்? அக்காவுக்கு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. அப்படி ஒருத்தி அங்கே இருந்தால், என் வீடு என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும் எதுவும் என்னுடையதில்லை.

மறுநாள் அக்காவுக்குப் போன் போட்டேன். சதுரத்தைப் பற்றிச் சொன்னேன். பின்னால் யாருடைய பல்லையோ கடையும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப ரோடு மூடியிருந்தது இல்லையா?" என்றாள்.

"எந்த ரோடு?"

"நீதானடி சொன்ன, சுத்தி வளச்சுக் கூட்டிட்டுப் போகுதுன்னு. நான் மூடியிருக்கும்னு நெனச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா எதுக்கு மறைக்கணும்? ஆம்பள ஒரு எடத்த மறைச்சா அங்க ஒரு ஆளு இருக்குன்னு அர்த்தம். நான் படாததா? போய்ப் பாரு. பாத்துட்டு எனக்கு ஒண்ணு விடாம சொல்லு. யார் யார் இருக்காங்க, எப்படி இருக்காங்க, எல்லாம்."

அன்று மதியமே கிளம்பினேன். 'தொடரலாமா?' என்ற கேள்விக்கு ஆம் என்று தட்டவில்லை. கருவியைத் திரைச்சீலை அம்மா வீட்டுக்கு வைத்துவிட்டு, டிப்போவிலிருந்து வெளியே வந்த ஒரு பேருந்தின் பின்னாலேயே ஓட்டினேன். அது எப்படியும் நேர்வழியில்தான் போகும். நாத்தனார் கெஞ்சிக்கொண்டே வந்தாள். முடிந்த இடத்தில் திரும்பவும். முடிந்த இடத்தில் திரும்பவும். திரையில் என் காரைக் காட்டும் சின்ன அம்பு சாம்பல் சதுரத்துக்குள் நுழைந்தது. பேருந்தை விட்டுவிட்டு ஒரு தெருவுக்குள் திரும்பினேன்.

ஒரே மாதிரி வீடுகள், இடுப்பளவு கேட்டுகள், தெருவோரம் ஒரே ஒரு மரம். நிழலுக்காக அதன் கீழ் ஒதுங்கினேன். எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட வயது குறைவு. நிமிர்ந்து காரைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. போட்ட செருப்பு ஒரு காலில், போடாத செருப்பு கையில் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டாள்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை, காரைத்தான் பார்த்தாள். அவளுக்கு இந்தக் கார் தெரியும்.

குழந்தை யார் சாயல் என்று பார்க்காமல் விட்டோமே என்றுதான் முதலில் தோன்றியது. கார்க் கதவைத் திறக்கப் போனேன். அதற்குள் அந்த வீட்டுக் கதவு மறுபடி திறந்தது. ஓர் ஆள் விறுவிறுவென்று தெருவைக் கடந்து வந்து என் ஜன்னலில் குனிந்தார்.

அத்தான்.

"நீயா?" என்றார். பின்சீட்டு வரை எட்டிப் பார்த்தார். "அக்கா வரலியா?"

"அத்தான்... நீங்க இங்கயா இருக்கீங்க?"

"உனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரர் சொல்லலியா?" அவர் மூச்சு வாங்கியது. "ஞாயித்துக்கிழமையானா இந்த வண்டி இதே மரத்தடில நிக்கும்மா. உங்கக்கா எறங்க மாட்டா. திட்ட மாட்டா. திட்டினாலாவது வாங்கிக்கலாம். சும்மா பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா. என் மேல தப்பு இருக்கு, இல்லேங்கல. ஆனா உள்ள இருக்கறவ கொழந்தைய வாசல்ல விடவே பயந்தா. போலீசுக்குப் போறேன்னா. நான்தான் உன் வீட்டுக்காரர் கடைக்குப் போய்க் கெஞ்சினேன். ஏதோ பண்றேன்னு சொன்னார். அதுக்கப்புறம் வண்டி வரல." பிறகு கேட்டார்: "இப்ப உன்ன அனுப்பிச்சாளா?"

"யாரும் அனுப்பல" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அது உண்மைதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டுக்காரர் வரும்வரை விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கருவியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். அவர் உள்ளே வந்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார்.

"போயிட்டு வந்துட்டியா?"

"அவ கதவத் தாழ்ப்பா போட்டப்போ நான் என்ன நெனச்சேன் தெரியுமா? உங்க புள்ளையோன்னு நெனச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். "உங்கக்காகிட்ட, 'அங்க போகாத'ன்னு நான் எந்த வாயால சொல்றது? நான் மாப்பிள்ளை, வெளி ஆளு. சொன்னா அவங்களுக்கு அவமானம். அதான் நாத்தனார விட்டுச் சொல்ல வெச்சேன். அவங்களும் உன் மாதிரிதான, மெஷின் வழி சொல்லலேன்னா தெருமுனை தாண்ட மாட்டாங்க. அது ஏதாவது கேள்வி கேட்டாலே ரோடு மூடியிருக்குன்னு நெனச்சுத் திரும்பிடுவாங்க. யார் மேலயும் கோவம் வராது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்ன அடுத்த நிமிஷம் நீ அக்கா வீட்டு வாசல்ல நிப்ப."

நின்றிருப்பேன்தான். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. "போன ஏன் கவுத்து வெச்சீங்க?"

"உங்கத்தான் அப்பப்ப மெசேஜ் அனுப்புவாரு, வண்டி வரலன்னு. நீ பாத்துட்டா?" போனை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நான் அதைத் தொடவில்லை. தொடாமல் இருப்பதற்கு எனக்குக் கொஞ்சம் பிரயத்தனம் தேவைப்பட்டது.

அப்போது என் போன் அடித்தது. அக்கா.

"போனியா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். "போனேன்க்கா. ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்காங்க. உள்ள போக முடியல."

"எந்தப் பக்கம்? கால்வாய்ப் பக்கமா, மரம் இருக்குற பக்கமா?"

மரத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவே இல்லை.

"ரெண்டு பக்கமும்" என்றேன்.

"சரி, அது கெடக்கட்டும். இந்த ஞாயித்துக்கிழமை வண்டி வேணும்டி. சும்மா ஒரு சுத்து."

தரமாட்டேன் என்று சொல்வது சுலபம். பேருந்து இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. நான் இன்றைக்குக் கண்டுபிடித்த மாதிரி அவளும் வேறொரு வழி கண்டுபிடிப்பாள். அந்த மரத்தடியில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

"நானும் வர்றேன். நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காரு."

"எதுக்குடி?" என்று சிரித்தாள். "எம்மேல சந்தேகமா?"

"ஆமாக்கா" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்காமல் காத்திருந்தேன்.