இரண்டு விரல்களுக்கு நடுவே

மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே கடிவாள வார் ஓடுகிறது, வியர்வையில் நனைந்த தோல், அதன் மறுமுனையில் ஒரு பெண்குதிரையின் வாய், நான் இழுக்கிறேன், அவள் ஓடுகிறாள், இன்னும் இழுக்கிறேன், இன்னும் வேகமாக ஓடுகிறாள், பயிற்சிக் களத்தின் மரவேலி ஒரே கோடாகக் கரைகிறது, கோட்டுக்கு அப்பால் கோவை உக்கடம் பேருந்து நிலையம், அப்போது எனக்கு ஆறு வயது, அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள், அவள் வளையல் என் தோலில் பதிகிறது, எங்கயும் போயிராத கண்ணு, அவள் இறுக்க இறுக்க நான் முறுக்குகிறேன், எங்கே போகவேண்டும் என்று எனக்கே தெரியாது, போகவேண்டும், அவ்வளவுதான், அக்கா, விடுங்க்கா, நீங்க இழுக்க இழுக்க அது ரேஸ்ல கடைசி ஓட்டம்னு நெனச்சுக்குது, வேலிக்கு வெளியிலிருந்து கலீல் கத்துகிறான், லாயத்தைப் பார்த்துக்கொள்பவன், என்னைவிட மூத்தவன், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் சொல்வது சரி, ஐந்து வருடம் பந்தயத்தில் ஓடிய குதிரை அவள், வார் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு ஓடத்தான் பழக்கியிருக்கிறார்கள், கலீல் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். சனிக்கிழமை முதலாளி ஜெயசீலன் சார் வருவார், மூன்று சுற்று நடந்து, நீல டிரம் பக்கத்தில் நின்றால் எங்கள் குதிரையேற்றப் பள்ளியிலேயே இருப்பாள், நிற்காவிட்டால் கடற்கரையில் சவாரி விடும் ஆளிடம் போய்விடுவாள், அந்த ஆளின் குதிரைகளுடைய வாயோரப் புண்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் படித்தது இயற்பியல், இழுத்தால் மறுபக்கமும் இழுக்கும் என்று பரீட்சையில் எழுதியவள், சேணத்தில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டேன். புதன்கிழமை வாரை முழுதாகத் தளர்த்தினேன், அது இன்னும் மோசம், கழுத்துக்குத் துணையில்லாமல் அவள் தலையைத் தூக்கி எதையோ தேடினாள், பக்கவாட்டில் துள்ளினாள், நான் மணலில் கிடக்கிறேன், ஏனுங்க்கா, பாய் கொண்டாரட்டுமா, கலீல் சிரிக்கிறான், எனக்கு அம்மாவின் சமையலறை தெரிகிறது, குதிரைப் பள்ளியில் வேலைக்குப் போகிறேன் என்று சொல்கிறேன், அவள் திரும்பாமலே, உன்ற இஷ்டம், அதற்குப் பிறகு நான்கு மாதம், அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை, நான் கேட்ட விடுதலைதான் கிடைத்தது, ஆனால் பிடி விட்டதும் வரும் இந்தத் துள்ளல் எனக்குத் தெரிந்ததுதான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நடை மட்டும், ஒவ்வோர் அடிக்கும் அவள் தலை முன்னே போய்ப் பின்னே வருகிறது, முழங்கையை விரித்து மடக்கி அதன் கூடவே போகிறேன், வாரின் எடை மட்டும் கையில், நிறுத்த முதுகை நிமிர்த்தி, ஈரப் பஞ்சைப் பிழிவதுபோல விரல்களை மூடுகிறேன், அவள் வாய் இளகிய அந்த நொடியே திறக்கிறேன், அந்தத் திறப்புதான் அவளுக்குப் புரிகிறது, ஒரு நொடி பிந்தினாலும் புரிவதில்லை.

சனிக்கிழமை, ஜெயசீலன் சார் வேலியில் சாய்ந்திருக்கிறார், மூன்றாவது சுற்று, சாலையில் ஒரு லாரி ஏர்ஹாரன் அடிக்கிறது, அவள் கழுத்து கம்பியாகிறது, என் கை அம்மாவின் கையாகிறது, இறுக்கு, இறுக்கு, என்னைத் தொலைத்துவிடும் பயத்தில்தான் அந்தக் கை அன்று இறுக்கியது, இப்போதுதான் புரிகிறது, விரல்களை மூடுகிறேன், காத்திருக்கிறேன், அவள் மெல்லக் கடிவாளத்தைச் சவைக்கிறாள், திறக்கிறேன், கழுத்து தாழ்கிறது, நீல டிரம், நிற்கிறாள். சரி, இங்கயே இருக்கட்டும் என்கிறார் சார். எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆயிருச்சுங்க்கா, கலீல் அவள் நெற்றியைத் தடவுகிறான்.

இறங்கிவிட்டேன், மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வார் இன்னும் இருக்கிறது, இன்னொரு கையில் போன், அம்மாவின் எண், மணி அடிக்கிறது, எடுக்கிறாள், மூச்சு கேட்கிறது, நான் இழுக்கவில்லை, விடவுமில்லை, ம், சொல்லு கண்ணு.