இரண்டு பேருக்கான கழுநீர்

ஆட்டைச் சுற்றி அப்போது இருந்தவர்கள்: ஆட்டுக்குச் சொந்தக்காரி ஹலீமா பீ, கொல்லைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு அதன் பின்னால். அவளுடைய தம்பி ஜியாவுல்லா, தோல் வியாபாரி, கைலியைத் தூக்கிச் சொருகியபடி. வேலைக்காரி மஹ்பூபி, வாயைப் பொத்திக்கொண்டு. ஆலங்காயத்திலிருந்து தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வந்த வண்டிக்காரன் வேலு, ஆட்டின் மேல் முழங்காலை ஊன்றியபடி. ஹலீமா பீயின் பக்கத்து அறையில் குடியிருக்கும் இருதயராஜ், எல்லோருக்கும் பின்னால். இருதயராஜின் மனைவி மதலேனாள் அங்கே இல்லை. வாணியம்பாடியிலேயே அவள் இல்லை. அது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை. அவன் கோவிலுக்குப் போகவில்லை. போனால் பாதிரிச் சாமியார், மனைவி எங்கே என்று கேட்பார். அதனால் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கொல்லைச் சந்தில் மஹ்பூபி அலறியதும் எழுந்து ஓடி வந்தவன், ஆட்டின் வயிற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டான். இடப்பக்கம் பானை போல உப்பியிருந்தது. கால்கள் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன. பக்ரீத்துக்கு இன்னும் ஆறு நாள். போன மழைக்காலத்திலிருந்து ஹலீமா பீ குர்பானிக்கென்று வளர்த்த ஆடு அது.

"இன்னா தின்னுச்சு?" வேலு வயிற்றைத் தட்டிப் பார்த்தான்.

"தழைதான். அப்புறம் கழனித் தண்ணி," என்றாள் மஹ்பூபி.

வேலு ஆட்டின் வாயைப் பிளந்து விரலை விட்டு எடுத்தான். விரலில் ஒட்டியிருந்ததை எல்லோருக்கும் காட்டினான். "சோறு. வடிச்ச சோறு. ஆட்டுக்குப் போய் யாருங்க சோறு போடறது? உள்ள பொங்கிக்கிச்சு பாருங்க."

இருதயராஜ் ஓரடி பின்னால் நகர்ந்தான். அது அவன் வடித்த சோறு.

அந்த வீட்டில் ஒண்டிக்கட்டைக்கு இடமில்லை. ஹலீமா பீ விதவை, கோஷாவில் இருப்பவள், வேற்று ஆண்கள் கண்ணில் படமாட்டாள். அவள் வீட்டுக்கும் இந்த அறைக்கும் நடுவே சமையல்கட்டில் ஒரு கதவு இருந்தது. பெண்கள் வந்து போவதற்கான கதவு. குடும்பத்தோடு வருகிறவனுக்கு மட்டும்தான் வாடகைக்கு என்று முதல் நாளே ஜியாவுல்லா சொல்லியிருந்தார். ஊரில் எந்தத் தெருவிலும் அதே பேச்சுதான். தனி ஆட்களுக்கு இருந்தது, அவன் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பின் பின்கொட்டகை. சுண்ணாம்புக் குழிகளுக்கு மேலே பலகை அடித்த பரண். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் அங்கே படுத்திருக்கிறான். அங்கே பிடித்த இருமல் அறைக்கு வந்த பிறகுதான் அடங்கியது. பக்கத்தில் படுத்த இரண்டு பேருக்கு அடங்கவே இல்லை. புதைத்தார்கள்.

மதலேனாள் சண்டை போட்டுப் போகவில்லை. உன் மேல இருக்கிற தோல் நாத்தம் என் சோத்துல அடிக்குது என்று ஒருநாள் சொன்னாள். மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு கோலாரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ரயிலேறினாள். அவள் போவதற்கு ஒரு மாதம் முன்பே, முளைக்கீரைப் பாத்தியை ஆடு மேய்ந்ததில் அவளுக்கும் ஹலீமா பீக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அந்தச் சண்டைதான் இப்போது அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கோபத்தில் இருக்கிறவள் கதவைத் திறந்து வரமாட்டாள், யாரும் தேடவும் மாட்டார்கள். அவள் விட்டுப்போன பழைய புடவை ஒன்றை ஒருநாள் விட்டு ஒருநாள் நனைத்துக் கொடியில் போட்டான். வேலைக்குப் போகும் முன் வெறும் அம்மியை இழுத்து இழுத்துச் சத்தம் உண்டாக்கினான்.

சமையல் தெரியாது. முதல் நாள் அவள் அளவிலேயே அரைப்படி போட்டுவிட்டு அதை இரண்டு நாள் தண்ணீர் ஊற்றித் தின்றான். பிறகு படித்துக்கொண்டான். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு முக்கால் ஆழாக்கு போதும். பீர்க்கங்காயின் சதை குழம்புக்கு, தோல் துவையலுக்கு. கீரையில் இலை முதல் நாள், தண்டு மறுநாள் புளியில். குழம்பை மூன்றாம் நாள் சுண்டவிட்டால் அது வேறு குழம்பு ஆகிவிடுகிறது, சலிப்புத் தட்டுவதில்லை. புதன்கிழமை ஒரு துண்டுக் கருவாட்டைத் தணலில் வாட்டினான். கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தான். ஒரு வாரத்தில் அவன் பானையில் ஒட்டியிருந்தது கரி மட்டும்தான். ஆயுளில் முதல்முறையாக ஒரு காரியத்தைச் சரியாகச் செய்வதாகக்கூட அவனுக்குத் தோன்றியது.

அப்போதுதான் மஹ்பூபி கேட்டாள். அந்த நடுக்கதவின் நிலையில் தினமும் அரிசி களைந்த தண்ணீரும் கஞ்சியும் காய்த்தோலும் சேர்ந்த கழுநீர்ப் பானையை வைப்பது வழக்கம். அவள் அந்தப் பக்கமிருந்து எடுத்துப் போய் ஆட்டுக்கு ஊற்றுவாள். அன்று பானையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கதவிடுக்கில் குரல் கொடுத்தாள்: "ஏம்மா மதலேனா, கோபம் என் மேலயா ஆட்டு மேலயா? கழனித் தண்ணி இவ்ளோ கம்மியா வெச்சிருக்கே? ரெண்டு பேர் திங்கற வீடா இது?"

பதில் சொல்ல ஆள் இல்லை. இருதயராஜ் அடுப்பின் முன் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தான். அவளுக்கு அது வெறும் கிண்டல். அவனுக்கு அன்று ஷாப்பில் கை ஓடவில்லை. தோலைப் பிரித்து எண்ணியவன் மூன்று முறை தப்பாக எண்ணினான். மறுநாளிலிருந்து மறுபடி அரைப்படி அரிசி. கஞ்சியை வடித்துப் பானையில் ஊற்றினான். காய்த்தோலைப் போட மனசு வரவில்லை, அதைத் துவையலுக்கு வைத்துக்கொண்டு மிச்சச் சோற்றை அள்ளிப் போட்டான். ஒன்பது நாள். ஒவ்வொரு பிடி போடும்போதும் கை கூசியது. ஆனால் பானை கனத்தது.

சந்தில் ஜியாவுல்லா மூங்கில் குழாயில் நல்லெண்ணெயும் பெருங்காயமும் கலந்து ஊற்ற, வேலு விலாவை அழுத்தித் தேய்த்தான். ஆடு செருமியது. வேறொன்றும் நடக்கவில்லை.

"அந்தச் சோறு யார் வீட்டுது?" கதவுக்குப் பின்னாலிருந்து ஹலீமா பீயின் குரல். உரத்த குரல் இல்லை.

"நம்ப வீட்ல ரொட்டிதானே பீபீ. இவங்க கழனில வந்துச்சு. ஒம்போது நாளா வருது. ஆடு கொழுக்கும்னு நானும் வெச்சேன். சத்தியமா தெரியாது பீபீ," என்றாள் மஹ்பூபி.

"தெனம் சோறா?"

"தெனம். இன்னைக்கு ரொம்ப ஜாஸ்தி."

வேலு மறுபடி விலாவைத் தேய்க்கத் தொடங்கினான். பிறகு ஹலீமா பீ சொன்னாள்: "அந்தப் பொண்ணு என் ஆட்டை வாயில வந்தபடி திட்டினா. ஆனா ஒரு பருக்கை கீழ போட்டு நான் பாத்ததில்லே. வீட்ல பொம்பளை இருந்தா, சோறு கழனில வராது."

ஜியாவுல்லா திரும்பிப் பார்த்தார். "உன் சம்சாரம் எங்கேப்பா?"

"உள்ள... தூங்கறா பாய்."

"இந்நேரத்துக்கா?"

வேலு தலையைத் தூக்காமலே சிரித்தான். "நம்ம ஊட்டுக்காரி இப்படித் தூங்கினா சோத்துச் செலவு மிஞ்சி நான் ரெண்டு மாடு ஜாஸ்தி வாங்கியிருப்பேன்."

"நான் போய் எழுப்பறேன்," என்றாள் ஹலீமா பீ. "அவரைத் தெருப்பக்கம் நிக்கச் சொல்லு."

இருதயராஜ் கொல்லைச் சந்து வழியாகச் சுற்றித் தன் அறையின் தெருவாசலுக்கு வந்து நின்றான். ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எங்கே ஓடினாலும் அந்தப் பரணுக்குத்தான் ஓட வேண்டும். உள்ளே நடுக்கதவு திறக்கும் சத்தம், செருப்பில்லாத காலடி. ஒரு தட்டின் ஓசை. அங்கே ஒரே ஒரு தட்டுதான் கழுவிக் கவிழ்த்திருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. பாய் ஒன்றுதான் விரித்துக் கிடக்கிறது. சட்டியின் மூடி எடுக்கப்பட்டது, வைக்கப்பட்டது. இன்னொரு மூடி. அந்தச் சின்ன அறையைப் பார்க்க இவ்வளவு நேரம் எதற்கு? பல நாளாக வராத இருமல் நெஞ்சில் ஏறியது. அதை வாய்க்குள்ளேயே நசுக்கினான்.

"எத்தனை நாளாச்சு?"

அவள் கதவுக்கு உள்பக்கம் நின்று கேட்டாள். அவன் மூடிய கதவைப் பார்த்துப் பதில் சொன்னான். "பத்தொம்போது நாளும்மா."

"திரும்பி வருவாளா?"

"தெரியாதும்மா."

"பீர்க்கங்காத் தோலை அரைச்சுத் திங்கறவன் சோத்தை ஏன் கொட்டினே?"

"கழனித் தண்ணி கம்மியா இருக்குன்னு கேட்டாங்க."

சந்துப்பக்கத்தில் ஆடு பெரிதாக ஏப்பம் விட்டது. "வந்துருச்சு, வந்துருச்சு, பிழைச்சுக்கிச்சு!" என்று வேலு கத்தினான். மஹ்பூபி அழ ஆரம்பித்தாள். இருதயராஜ் காத்திருந்தான். அவள் ஏதாவது சொல்வாள். காலி பண்ணு என்பாள், அல்லது பக்ரீத் வரைக்கும் இரு என்பாள். காலடிகள் சமையல்கட்டை நோக்கிப் போயின.

அவன் தெருக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது நடுக்கதவு மூடிக்கொண்டிருந்தது. கறுப்புத் துணியின் ஓரம் இடுக்கில் சிக்கி, இழுபட்டு, மறைந்தது. அந்தப் பக்கம் தாழ் விழுந்தது. மஹ்பூபியைக் கூப்பிட்டு அவள் உருதுவில் எதையோ கேட்டாள். பிறகு இரும்பு இரும்பில் உரசியது. அந்தக் கதவுக்குப் பூட்டு போட வளையம் உண்டு என்பதே அவனுக்கு இதுவரை தெரியாது. பெண்கள் வரும் வழியை அடைத்துவிட்டு இங்கே அவனைத் தனியாக இருக்கவிடத்தான் பூட்டுகிறாளா, விரட்டுவதற்கு முன்னால் பூட்டுகிறாளா? சாவி ஒரு சுற்று சுற்றியது, துருவில் நின்றது, மறுபடி சுற்றியது. யாரோ பூட்டைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்கள்.