இரண்டாவது தும்மல்

ராஜகோபாலன் மாமா வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்க்க டிக்கெட் போடலாம். கேஸை மூடுவார். குழாய்களைத் திருகிப் பார்ப்பார், திருகியதையே மறுபடி திருகுவார். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு மெயின் ஸ்விட்சை டப்பென்று இறக்குவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவருக்கு நிம்மதி.

நான் மாடிவீட்டு சாய்சரண். ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவன். அந்தப் பாவத்துக்குக் கீழ்வீட்டு கம்ப்யூட்டரும் என் தலையில்தான்.

அது மாமாவின் மனைவி ஜானு மாமியுடையது. மாமி தானே மெட்டமைத்த பாட்டுகளை ஸ்வரப்படுத்திப் புத்தகமாகப் போடப் போகிறார். அவர் கைக்குப் பழகிய சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனியே இன்று இல்லை. புது விண்டோஸில் அது வாயையே திறக்காது. ஆகவே புது கம்ப்யூட்டருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினைப் போட்டு, அதில் பழைய விண்டோஸைக் குடிவைத்தேன். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். உள்ளே இருப்பதை முதலில் முறையாக ஷட்டவுன் செய்ய வேண்டும். எழுதியதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு அணைய அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். மாமாவுக்கோ ராகு காலம் பிறப்பதற்குள் வாசல் தாண்டியாக வேண்டும். டப்.

அப்படி ஒரு டப்பில் ஒரு தில்லானா போயிற்று. மற்ற பாட்டுகளைப் பழைய நகலிலிருந்து மீட்டேன். அது மட்டும் வரவேயில்லை. "சரணத்தை எப்படிப் போட்டேன்னே ஞாபகம் வரலைடா" என்றார் மாமி. எனக்கு மாமா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

யூபிஎஸ் வாங்கி வைத்தேன். மெயினை இறக்கியதும் அது பீப் பீப் என்றது. "மூஞ்சூறு மாதிரி கத்திண்டே இருந்ததுடா, அதையும் அணைச்சுட்டேன்" என்றார் மாமா. கெஞ்சிப் பார்த்தேன். "ஒரு பெட்டிக்காக நான் வாசல்ல காத்துண்டு நிக்கணுமா?" என்று என்னையே கேட்டார்.

மாமாவை நிறுத்தக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கிளம்பும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் சகுனத்தடை. உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். இன்னொன்றும் வந்து இரட்டைத் தும்மலானால் தடை நீங்கிவிடும்.

மாமியின் தும்மலை மிளகுப்பொடி உதவியோடு பதிவு செய்தேன். கிளம்புமுன் மாமி ஓர் ஐகானை அழுத்த வேண்டும். பழைய விண்டோஸுக்கு ஷட்டவுன் உத்தரவு போகும், ஸ்பீக்கரில் ஒரு தும்மல் வரும். அது சுத்தமாக அணைந்த பிறகு இரண்டாவது தும்மல். நடுவே ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போனாலும் மாமாவின் சாஸ்திரத்தில் அது இரட்டைத் தும்மல்தான்.

"இது ஏமாத்து இல்லையோ?" என்றார் மாமி.

"தில்லானா போனது மட்டும் நியாயமா?" என்றேன்.

திட்டம் அமோகமாக வேலை செய்தது. ஐகானை அழுத்திவிட்டு மாமி உள்ளறையிலேயே புடவையைச் சரிசெய்துகொண்டிருப்பார். இரண்டாவது தும்மலுக்குப் பிறகுதான் வெளியே வருவார்.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள், கோட்டூர்புரத்தில் அவர்கள் பெண் வீட்டில் விசேஷம். காலையெல்லாம் உட்கார்ந்து கடைசித் திருத்தங்களைப் போட்டிருந்தார் மாமி. எல்லாம் அந்தப் பழைய விண்டோஸுக்குள்தான் இருந்தன. சாவி வாங்கிக்கொள்ள நான் கீழே போனேன். மாமி ஐகானை அழுத்திவிட்டு, விசேஷ அவசரத்தில் நேரே வெளியே வந்து மாமா பக்கத்தில் நின்றுகொண்டார். மாமாவின் கை மெயின் ஸ்விட்சில்.

உள்ளறையிலிருந்து மாமி தும்மினார்.

வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்ற மாமியை மாமா பார்த்தார். காலியான உள்ளறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாசலில் ஆட்டோக்காரர் முனியன் ஹாரன் அடித்து, "இன்னா சார், வர்றீங்களா? நான் வேற சவாரி பாத்துக்கினு போவட்டா?" என்று குரல் கொடுத்தார்.

மாமா ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஜானு, தீர்த்தம் கொண்டா" என்றார்.

பழைய விண்டோஸ் அன்றைக்கென்று ஆடி அசைந்து அணைந்தது. டம்ளர் காலியாயிற்று. மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. ஒருவழியாக இரண்டாவது தும்மல் வந்தது.

"தெரியுமா மாமா?" என்றேன் மெதுவாக.

"முதல் நாளே தெரியும். இவ தும்மினா கூடவே 'ராமா'ன்னுவா. உன் பெட்டி சொல்லலையே."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தரமும் உக்காந்தேள்?" என்று கேட்டார் மாமி.

மாமா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தத் தில்லானாவைத் தேடித் தேடி நீ முணுமுணுத்துண்டே இருந்தியே. என்னாலதான் போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. உக்காரத்தான் வந்தது."

மாமி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ராகு காலம் பிறந்துடுத்தே" என்றார்.

"பிறந்தா பிறக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாமா மெயினை இறக்கினார்.