ஸ்பீக்கரில் போட்ட குடும்பம்

நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்த அந்த அம்மாளுக்குக் கோபமே வராது என்று உடன் வேலை பார்ப்பவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். கோபமெல்லாம் நன்றாகவே வரும். வந்ததை வெளியே விடுகிற வழிதான் அவளுக்குத் தெரியாது. வரிசையில் யாராவது நடுவில் புகுந்தால் பெருமூச்சு விடுவாள். காலை மிதித்தவரிடம் இவளே முந்திக்கொண்டு "பரவாயில்லை" என்பாள். உன் வீரமெல்லாம் என்னிடம் மட்டும்தான் என்று கணவர் கிண்டல் செய்வார். அதில் பொய்யில்லை.

அவளுடைய பொறுமைக்கு இரண்டு மாதமாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது, காலை ஏழு ஐம்பது ரயிலின் மூன்றாவது பெட்டியில். தண்ணீர் மோட்டார் விற்கும் ஒருவர் தினமும் அதில் ஏறுவார். பையை ஒரு இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, தான் இன்னொன்றில் உட்காருவார். போனை ஸ்பீக்கரில் போட்டு, வாய்க்கு நேரே ஏந்திக்கொண்டு, இறங்கும்வரை பேசுவார். பெட்டியில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். ரேடியோவையாவது அணைத்துத் தொலைக்கலாம்.

அவர் குடும்பமே பெட்டிக்கு அத்துப்படியாகிவிட்டது. மச்சானின் முதுகுவலி, மாமனார் வீட்டுத் தொட்டியில் விழுந்த விரிசல், பிள்ளை பெற்றதால் விட்ட வேலைக்கு ஒன்பது வருடம் கழித்து மறுபடி போக அலையும் மனைவி, எல்லாம். ஒருநாள் சுருக்கெழுத்தர் மூன்று நிறுத்தங்கள் யோசித்து, நான்காவதில் துணிந்து, கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா என்று கேட்டாள். அவர் அன்பாகத் தலையாட்டிவிட்டுப் போனிடம் சொன்னார்: "சத்தமாப் பேசு. இங்க ஒரு அம்மா என்னமோ சொல்றாங்க, நீ பேசுறது காதுலயே விழல."

அவளுக்கு எதிரே வழக்கமாக ஒரு நர்ஸ் உட்காருவாள். இரவுப் பணி முடித்து வீடு திரும்புகிறவள். ஜன்னலில் தலை சாய்த்த மறு நிமிடம் தூங்கிவிடுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை, மச்சான் சொன்ன ஏதோ ஒன்றுக்கு ரேடியோ வெடித்துச் சிரித்ததில் அவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். மடியிலிருந்த பாட்டில் விழுந்து மூடி கழன்று, தரையெங்கும் தண்ணீர். மனிதர் பேச்சை நிறுத்தவில்லை. செருப்புக் கால்களைத் தூக்கி நர்ஸுக்குப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நர்ஸ் குனிந்து தன் துண்டால் தரையைத் துடைத்தாள்.

சுருக்கெழுத்தருக்குக் காது மடல்கள் சூடேறின. சண்டை போட அவளுக்கு வராது. வருவது ஒன்றுதான். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து அவருக்கு மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. இவள் எழுத ஆரம்பித்தாள். இருபது நிமிடம், ஒரு சொல் விடாமல். எழுதும்போது அவளுக்குக் கைதான் கேட்கும், மனம் கேட்காது. தொழில் பழக்கம்.

மதிய இடைவேளையில் அதைச் சுத்தமாகத் தட்டச்சு செய்தாள். நான்கு பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் விரல்கள் நின்றன. அந்த மனைவி ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்லியிருந்தாள், தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று. மூன்று முறையும் அவர் "ஆங், ஆங்" என்றுவிட்டு, மாமனார் வீட்டு மோட்டார் ஏன் இரைகிறது என்பதற்குப் போயிருந்தார். அதன் பிறகு அவள் "சரி" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

இவளுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. இன்னொருவர் வீட்டுப் பேச்சு இது, கிழித்துப் போடலாமா என்றுகூட நினைத்தாள். மறுநாள் காலை ரயிலில் ஏறும்வரை முடிவு செய்யவில்லை. ஏறியதும், நர்ஸ் அன்றைக்கும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். நேரே போய்க் காகிதங்களை ரேடியோவிடம் நீட்டினாள்.

"நேத்து நீங்க பேசினது. படிச்சுப் பாத்து, சரியா இருந்தா கையெழுத்துப் போடுங்க."

பெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் முதல் பக்கத்தில் சிரித்தார், இரண்டாம் பக்கத்தில் சிவந்தார். எழுந்து கத்தப் போகிறார் என்று இவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். மூன்றாம் பக்கத்தில் அவர் அப்படியே உறைந்து போனார்.

"இத அவ சொன்னாளா?"

"மூணு தடவ."

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. ஏன்னே புரியாம மண்டையப் பிச்சிக்கிட்டு இருக்கேன்." அவர் குரல் முதல் முறையாகத் தணிந்திருந்தது.

போனை எடுத்தார். விரல் பழக்கத்தில் ஸ்பீக்கருக்குப் போய், பாதியில் திரும்பியது. தூங்கும் நர்ஸைப் பார்த்தார். வண்டி அடுத்த நிலையத்தில் நின்றதும், அது அவர் இறங்கும் இடமே இல்லை, குதித்து இறங்கிவிட்டார். போனைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டு, மற்றக் கையை ஆட்டி ஆட்டி நடைமேடையில் அவர் பேசிக்கொண்டிருந்ததை, வண்டி நகரும்போது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

பை மட்டும் தன் இருக்கையில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. காகிதத்தைக் கொடுத்தது இவள்தானே, பையும் இவள் தலையில் விழுந்தது. இருவரும் வழக்கமாக இறங்கும் கடைசி நிலையத்தில் இறங்கி, அந்தக் கனத்த பையோடு பெஞ்சில் காத்திருந்தாள். நீதிமன்றத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அடுத்த வண்டியில் அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

அவள் எழுந்து நின்று, உங்கள் வீட்டுப் பேச்சை நான் எழுதியிருக்கக் கூடாது, மன்னிக்க வேண்டும் என்றாள். ஊருக்கே ஒலிபரப்பியவன் நான், நீங்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்றார் அவர். மனைவி போனை எடுத்ததும், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்டாளாம். இல்லை என்ற பிறகுதான் வாயைத் திறந்தாளாம். திங்கட்கிழமை வேலையில் சேருகிறாளாம். தொண்டையே எனக்குப் பெரிதுதான், ஆலைச் சத்தத்தில் வளர்ந்தது, ஆனாலும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த நர்ஸிடமும் நாளைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், அவர் தூங்காமல் இருந்தால்.

பையை வாங்கிக்கொண்டு கிளம்பியவர் நின்றார்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே? ரெண்டாம் பக்கத்துல, நான் 'வாஷர மாத்தணும்'னு சொன்னேன். நீங்க 'வாசல மாத்தணும்'னு போட்டிருக்கீங்க."

பதினெட்டு வருட வேலையில் ஒரு நீதிபதிகூட அவளிடம் பிழை கண்டதில்லை. "பரவாயில்லை" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"நீங்க வாயைத் தொறந்து ஒழுங்காச் சொல்லியிருந்தா நான் ஏன் தப்பா எழுதப் போறேன்?" என்றாள், நடைமேடை முழுக்கக் கேட்கும்படி.