பார்க்கக் கூடாததைப் பார்த்தவள்

மனிதகுலம் சீரழிந்ததற்குக் கண் ஒன்றே காரணம் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார். நாக்கு இல்லை, கை இல்லை, பேராசைகூட இல்லை, கண். பார்க்கக் கூடாத ஒன்றை ஒருமுறையும் பார்க்காமல் ஒரு மனிதன் அறுபத்திரண்டு வருஷம் வாழ முடியும் என்பதற்கு உலகத்தில் ஒரு சான்று இருக்கிறது என்றும், அந்தச் சான்றுக்கு இப்போது குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றும் சொன்னார்.

மனைவி தண்ணீரை வைத்தாள். மகள் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"அப்ப அத்தை நிச்சயத்துக்கு வரக் கூடாதுங்கறீங்க."

"வரக் கூடாதுன்னு நான் எங்கம்மா சொன்னேன்? வராம இருந்தா நல்லதுன்னு சம்பந்தி வீட்டுல நினைக்கறாங்க. அவங்க நினைக்கறதை நானும் நினைக்கறேன். அவ்வளவுதான்."

"அத்தை இல்லாம எனக்கு நிச்சயம் வேண்டாம்" என்றாள் மகள். சத்தம் போடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அதனால்தான் தலைமையாசிரியர் அதை நம்பவேண்டி வந்தது.

அந்த அத்தை அவருடைய ஒரே தங்கை. தெருவுக்கு அவள் மேஜர். ராணுவத்தில் கணினிக் குற்றங்களைத் துப்பறிய ஒரு பிரிவு தொடங்கியபோது அதற்குள் போன முதல் பெண். அன்றைக்குப் பிரிவு என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறையும், இரண்டு கணினிகளும், வருகிறது வருகிறது என்று சொல்லப்பட்ட ஒரு பெயர்ப்பலகையும்தான். அழித்த படத்தை மீட்பதும், உடைந்த போனிலிருந்து செய்தியை உருவுவதும், உருவியதில் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று நீதிபதி முன்னால் நிரூபிப்பதும் எப்படியென்று சொல்லித்தர அங்கே ஆள் கிடையாது. தானே முட்டி மோதிக் கற்றாள். பதினெட்டு வருஷத்தில் முந்நூறு பேருக்குக் கற்றுக்கொடுத்தாள். இவ்வளவு காலமும் தலைமையாசிரியர் வெளியில் "தங்கச்சி கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று சொல்லிவந்தார். டைப் அடிக்கிறாள்போல என்று கேட்டவர்கள் எடுத்துக்கொண்டால், அவர் திருத்தியதில்லை.

வினை போன வருஷம் வந்தது. ராணுவ மருத்துவமனையில் நர்ஸ்கள் தங்கும் விடுதி. குளியலறைக் காற்றோட்டத் துளைக்குள் பட்டாணி அளவில் ஒரு கேமரா. அதில் விழுந்ததெல்லாம் நாற்பத்துமூன்று ஆண்கள் இருந்த ஒரு குழுவில் சுற்றியது. விஷயம் கசிந்த அன்றே அத்தனை பேரும் அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகளாக அணிவகுப்பில் போய் நின்றார்கள். மேஜர் எல்லாப் போன்களையும் பறித்து, நகலெடுத்து, அசலைத் தொடாமல் நகலை மட்டும் குடைந்து, ஐந்து மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் படங்களை மீட்டாள்.

கேமராவை வைத்தவன் யார் என்பது மட்டும் பிடிபடவில்லை. படங்களில் பதிந்திருந்த நேரம் விடுதிக் கதவின் வருகைப் பதிவு காட்டிய நேரத்தோடு எப்போதும் ஏழு நிமிஷம் இடித்தது. எவனோ தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கேமராவுக்கு மணி வைத்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. மறுநாள் காலை வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராக மணி கேட்டுக்கொண்டே போனாள். அணிவகுப்புக்குப் பிந்திவிடக் கூடாதென்று கடிகாரத்தை ஏழு நிமிஷம் முந்தி ஓடவிட்டிருந்த ஒருவன் மாட்டினான். மிச்சத்தை அவன் டிரங்குப் பெட்டியில் கிடைத்தவை சொல்லிவிட்டன. ஒழுக்கத்துக்காக இரண்டு முறை பாராட்டுப் பத்திரம் வாங்கியவன்.

பத்திரிகைகளில் மேஜரின் படம் வந்தது. தலைமையாசிரியருக்கு அந்த நாற்பத்துமூன்று பேர்மேல் சொல்லும்படியான கோபம் ஏதும் எழவில்லை. வயசுப் பசங்க, என்றார். அதில் ஒருவருக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்கு உடம்பு கூசியது தங்கையை நினைத்துத்தான். நாலாயிரம் படம்! ஒரு பொம்பளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள், பார்த்ததைக் குறிப்பு வேறு எழுதியிருக்கிறாள். எடுத்தவனுக்குக் கோர்ட்டு ஆறு வருஷம் போட்டது. பார்த்தவளுக்குத் தெரு ஆயுளுக்கும் போட்டது. அவள் வந்தால் எதிர்வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. தலைமையாசிரியர் தன் போனை மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். கண்ணில் அழுக்கு ஒட்டிக்கொண்டால் எந்தச் சோப்பு போட்டுக் கழுவுவது என்று மனைவியிடம் நிஜமாகவே சந்தேகம் கேட்டார். பென்ஷன் பக்கத்தின் கடவுச்சொல் மறந்துபோன இரண்டு தடவையும் அதே கண்ணைக் கூப்பிட்டுத்தான் காட்டினார். அது வேறு விஷயம்.

மரக்கடை வைத்திருக்கும் சம்பந்தியும் இப்போது அதையேதான் சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் வீட்டுப் பெண்களெல்லாம் கூட்டத்தில் இருப்பார்கள்; அந்தக் கண்ணுக்கு முன்னால் எப்படி நிற்பார்கள்?

மகள் பிடித்த பிடியை விடவில்லை. அம்மா கெஞ்சினாள், அப்பா முறைத்தார், பிறகு அப்பா கெஞ்சினார். அத்தை முன்வரிசையில் உட்கார வேண்டும், இல்லையென்றால் வாடகை நாற்காலிக்காரனுக்குப் போன் போட்டு வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்றாள்.

நான்காவது நாள் சம்பந்தியே கூப்பிட்டார். குரலில் தேன் வடிந்தது. "நாமளும் காலத்துக்கேத்த மாதிரி மாறணும்ல? வரட்டும். பெரிய வேலையில இருக்கறவங்க. நம்ம ஆளுங்களுக்கும் அவங்களைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு." தலைமையாசிரியர் இதைத் தன் சாமர்த்தியத்தின் வெற்றியாக வீட்டில் அறிவித்தார். மகள் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

நிச்சயத்தன்று மேஜர் சாதாரண உடையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி குழந்தையின் முகத்தை மறுபக்கம் திருப்பிவைத்தாள். மேஜர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து அண்ணன் மகளுக்குத் தலை சீவிவிட உள்ளறைக்குப் போனாள்.

ஆண்களெல்லாம் டீயோடு மொட்டைமாடியில் இருந்தார்கள். சம்பந்தி தலைமையாசிரியரின் முழங்கையைப் பிடித்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

"உங்க தங்கச்சிகிட்ட அது இருக்குமே?"

"எது?"

"அதான் சம்பந்தி, அந்த நர்ஸுங்க சமாச்சாரம். முழுசா அவங்ககிட்டதான் இருக்குதாமே. பசங்க நாலு நாளா இதே பேச்சு. வெளிய எங்கயும் போகாது. நம்ம குடும்பத்துக்குள்ளதானே."

தலைமையாசிரியரின் தொண்டைக்குழி வரை ஒரு சொற்பொழிவு ஏறி வந்தது. முப்பது வருஷம் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னது; தலைகீழாகப் பாடம். சம்பந்தியின் கை இன்னும் முழங்கையில் இருந்தது. மோதிரம் இன்னும் மாற்றவில்லை. சொற்பொழிவை விழுங்கிவிட்டுப் படியிறங்கினார்.

தங்கையை உள்ளறை வாசலுக்கு வெளியே கூப்பிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அவர்கள் ஆசைப்படுகிறார்கள், பெண்ணைக் கொடுக்கிற இடம், முகத்தில் அடித்த மாதிரி மறுக்க முடியுமா என்று நீட்டினார். மேஜர் கையில் சீப்போடு முழுக்கக் கேட்டாள்.

"அது வீட்டுல இருக்காதுண்ணா. ஆபீஸ்ல பூட்டியிருக்கு. பார்க்கறவங்க நோட்டுல பேரு எழுதணும், நேரம் எழுதணும், என்னத்துக்குப் பார்க்கறோம்னு காரணம் எழுதணும், கீழ கையெழுத்துப் போடணும். நான் ஒவ்வொரு தடவையும் எழுதியிருக்கேன். சம்பந்தி என்ன காரணம் எழுதுவாருன்னு கேட்டுட்டு வாங்க."

"ச்சே, எனக்காகவா கேக்கறேன்? அதை நினைச்சாலே எனக்குக் குமட்டுது."

"எனக்கும்தான் குமட்டிச்சு. அஞ்சு மாசம் மத்தியானச் சாப்பாட்டையே விட்டுட்டேன். அதுல ஒரு பொண்ணு என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. எத்தனை பேரு மேடம் பார்த்தாங்கன்னு. நாப்பத்துமூணுன்னேன். என்னையும் சேர்த்துக்கணும்னு அவளுக்குத் தோணலை. எனக்குத் தோணிச்சு."

நல்ல நாளும் அதுவுமாக இதெல்லாம் பேசுகிற பேச்சா என்று தலைமையாசிரியர் முணுமுணுத்தார். மாடிப்படி ஏறினார்.

உள்ளறைக் கதவு சாத்தியிருக்கவில்லை; பேசியதெல்லாம் உள்ளே கேட்டிருந்தது. உள்ளே பாதித் தலை சீவிய மகள் எழுந்து வந்தாள். காதில் போட்டதை ஒவ்வொன்றாகக் கழற்றி அலமாரி மேல் வைத்தாள்.

"அத்தை, காரை எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"தெருமுனையில."

"எனக்கு இடமிருக்குமா?"

"யோசிச்சுத்தான் கேக்கறியா?"

"அவங்க வீட்டுக் குளியலறையை யோசிச்சேன் அத்தை" என்றாள் மகள்.

மேஜர் சீப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்ற அம்மா இருவரையும் பார்த்தாள். யாரையும் கூப்பிடவில்லை. பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வழியை மறிக்காமல் ஒதுங்கி நின்றாள்.

மாடியில் தலைமையாசிரியர், அது அரசாங்கச் சொத்தாம், கிடைக்காதாம் என்று கௌரவமாகச் சொல்லி முடித்தார். சம்பந்தி பெருந்தன்மையாகக் கையசைத்தார். "விடுங்க. என் தம்பி எங்கயோ தேடிப் பிடிச்சுட்டான். அந்தப் படத்துல ஒரு சின்னத் துண்டுதான்."

தொட்டி நிழலில் ஒரே ஒரு போனைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தலைகள் கூடியிருந்தன. டீ டம்ளர்களில் ஆடை படிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைதான் முதலில் திரும்பிப் பார்த்தான். நல்ல பையன், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறவன்.

"மாமாவுக்கு வழி விடுங்கடா" என்றான்.

வழி விட்டார்கள். கீழே தெருமுனையில் ஒரு கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. ஒரு தலையும் நிமிரவில்லை. தலைமையாசிரியர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். சட்டை நுனியால் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"வெயில்ல ஒண்ணும் தெரியலையே" என்றார். "வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்க, சம்பந்தி."