இரைச்சல் நீக்கிய பதிப்பு

கம்பி என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட அந்தக் கிதார் கலைஞர் தம் தங்கை வீட்டின் பின்னறையில் அமர்ந்து பதிவு செய்தவை எத்தனை என்பதை அவரே அறியார். பகலுணவு முடிந்ததும் அறைக்குள் செல்வார், ஒலிவாங்கியை இயக்குவார், வாசிப்பார், ஏதோ ஒரு கட்டத்தில் சட்டென்று நிறுத்துவார். அன்றைய பதிவு அத்துடன் முடிந்தது. மறுநாள் வேறொன்று. ஒலிநாடா, குறுந்தட்டு, கணினிக் கோப்பு எனக் காலத்திற்கேற்ப வடிவம் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை.

அவற்றில் பாட்டு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இராது. கம்பியைத் திருப்புளியால் உரசுவதும், பலகையை விரலால் தட்டுவதும், ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அதை விடாமல் நோண்டுவதுமே அவருடைய இசை. ஆயினும் அதை விரும்பிக் கேட்போர் ஊருக்கு ஒருசிலர் இருந்தனர். அவர்கள் அனைவரும் ஒருமுகமாகப் போற்றியது, அவர் வாசிப்பு முடியும் இடத்தை. கத்தியால் அறுத்ததுபோல் நிற்கிறது என்று அவர்கள் எழுதினார்கள்.

தாம் வாசித்ததை அவர் ஒருபோதும் திரும்பக் கேட்டதில்லை. காரணம் கேட்டால், "குளிச்ச தண்ணிய யாராவது எடுத்து வச்சுக்குவாங்களா" என்பார். கேட்கும் பொறுப்பு தங்கையின் கணவரிடம் வந்து சேர்ந்தது. அவர் விளம்பரங்களுக்குக் குரல் பதியும் நிறுவனமொன்றில் ஒலிப்பதிவாளர். பகல் முழுவதும் சோப்பையும் சுவர்ப்பூச்சையும் புகழும் குரல்களைக் கேட்டுக் களைத்த காதுகளோடு வீடு திரும்பி, மைத்துனரின் பதிவுகளைத் திறந்து உட்காருவார்.

அவற்றை எல்லாம் ஒரே தொகுப்பாக வெளியிட ஒரு பதிப்பாளர் முன்வந்ததிலிருந்து, ஓராண்டாக அவருக்கு விடுமுறை என்பதே இல்லாமற்போயிற்று. பழைய பதிவுகளில் அடியோட்டமாக ஓர் உறுமல் கிடந்தது. கணினித் திரையில் அது ஒரு தடித்த கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை ஒவ்வொரு கோப்பிலிருந்தும் அவர் வழித்தெடுத்தார். தொடக்கத்திலும் முடிவிலும் கிடந்த தட்டல்களையும் முட்டல்களையும் நறுக்கினார். தம் வேலையின் தூய்மையில் அவருக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

இதற்கிடையே, சில மாதங்களாகக் கம்பியின் நிலை சரியில்லை. மாலை வரை வாசித்துவிட்டு, வீங்கிய விரல்களோடு சமையலறைக்கு வந்து நிற்பார்.

"முடிய மாட்டேங்குதும்மா."

"எதுண்ணா? உடம்பா?"

"வாசிக்கிறதுதான். எங்க விடுறதுன்னே தெரியல. போயிட்டே இருக்கு."

"கையை எடுத்தா முடிஞ்சுது" என்றாள் தங்கை, பாத்திரத்தைத் துடைத்தவாறே.

"கையை எடுக்கிறதுக்குக் காரணம் ஒண்ணு வேணுமில்ல? முன்னெல்லாம் வந்துடும். இப்ப வரல. வயசாயிடுச்சு, அவ்வளவுதான்."

வெளியீட்டுக்கு முன்னோட்டமாக இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. கலைஞர் தாமே கேட்டுச் சம்மதம் சொன்னாலன்றி அச்சுக்கு அனுப்புவதில்லை என்பது பதிப்பாளரின் விதி. "கேட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார். வெள்ளிக்கிழமை அச்சுல ஏத்துறோம்" என்று அவர் தொலைபேசியில் கூறினார். ஆகவே, வேறு வழியின்றிக் கம்பி முன்னறை நாற்காலியில் அமர்ந்தார். தங்கை உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒலிப்பதிவாளர் தட்டைச் சுழலவிட்டார்.

முதல் தட்டு முழுவதும் ஓடியது. இரண்டாவதில் பாதி ஓடுவதற்குள் கம்பி கையை உயர்த்தினார்.

"மாப்பிள்ளை, இது நானா?"

"நீங்கதான் மச்சான். சுத்தம் பண்ணியிருக்கேன்."

"சுத்தமாத்தான் இருக்கு. ஆள் காலி பண்ணிட்டுப் போன வீடு மாதிரி." அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுருதி எதோட சேருதுன்னே தெரியல, அந்தரத்துல தொங்குது. நடுநடுவுல சும்மா இருக்கேனே, எதுக்கு இருக்கேன்? அறுத்த மாதிரி நிக்குதுன்னு எழுதினாங்களே, இது கால் தடுக்கி விழுந்த மாதிரில்ல நிக்குது."

"அது உங்க பாணி மச்சான்."

"இதுக்குப் பேரு பாணி இல்ல. நல்லவேளை, இதையெல்லாம் இத்தனை நாள் நான் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே வேற வேலைக்குப் போயிருப்பேன்." எழுந்தார். "அந்த ஆளுகிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. கம்ப்யூட்டர்ல இருக்கிறதையும் அழிச்சுடுங்க. இனிமே நான் வாசிக்கவும் போறதில்ல."

தங்கை மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "கம்பின்னு பேர் வச்சுக்கிட்டு இப்படிக் கம்பி நீட்டுறியேண்ணா. மத்தியானம் ஆனா மிக்ஸி போடாம, ஃபேன் போடாம, போன் வந்தா வாசலுக்கு ஓடி, ஒரு தும்மல் வந்தாக்கூட முழுங்கிட்டு அடுப்படியில ஊமையாக் கிடந்தேனே, அதெல்லாம் எதுக்கு? தடுக்கி விழுறதுக்கா?"

"அதுக்குத்தாம்மா சொல்றேன். உனக்கும் விடுதலை."

அவர் தம் அறைக்குள் சென்று படுத்துக்கொண்டார். அன்று பின்னறையில் கிதார் ஒலிக்கவில்லை. அடுத்த நாளும் ஒலிக்கவில்லை. தங்கை மிக்ஸியைப் போடவும் மனமின்றிச் சும்மா இருந்தாள்.

ஒலிப்பதிவாளருக்குச் சினம் மிகுந்தது. ஓராண்டு உழைப்பை இப்படித் தூக்கிப்போட்டால் யாருக்குத்தான் வராது? சரி, அழித்துத்தான் விடுவோம் என்ற எண்ணத்தோடு வியாழன் காலை விடுப்பு எடுத்துக்கொண்டு கணினி முன் அமர்ந்தார். ஆயினும் அவரது தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: எந்தப் பதிவையும் ஒருமுறை கேட்காமல் அழிக்கலாகாது. எனவே இரு காதையும் மூடும் செவிக்கருவியை மாட்டிக்கொண்டு, கைபடாத மூலப்பதிவு ஒன்றை ஓடவிட்டார்.

உறுமல் கேட்டது. இத்தனை நாளும் அதைக் களையவேண்டிய பொருளாகத் திரையில் பார்த்திருந்தாரே தவிர, காதால் கேட்டதில்லை. இன்று அதை ஒன்றும் செய்வதற்கில்லை என்பதால் கேட்டார். கிதார் அந்த உறுமலின்மீது சாய்ந்துகொண்டிருந்தது. அதை ஒட்டிச் சென்றது. சிறிது விலகி உரசியது. பிறகு வாய்மூடி அதற்குப் பேச இடம்கொடுத்துக் காத்திருந்தது. கம்பி சும்மா இருந்த இடங்கள் எவையும் வெற்றிடங்கள் அல்ல. நெடுநேரத்திற்குப் பின் தடக் என்றொரு குலுங்கல், உறுமல் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரத்தில் கிதாரும் நின்றது.

வேறோர் ஆண்டின் பதிவைத் திறந்து அதன் இறுதிப் பகுதிக்குப் போனார். தடக், கிதார் நின்றது. இன்னுமொன்று. அங்கும் அவ்வாறே.

அவர் செவிக்கருவியைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குச் சென்று, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காதை வைத்தார்.

"என்னங்க, அதுக்குக் காய்ச்சலா?" என்றாள் மனைவி.

"சத்தமே போடலையே இது."

"புதுசுங்க. சத்தம் வராதுன்னு சொல்லித்தானே தலையில கட்டினான்."

"பழசு இதே இடத்துலதானே நின்னுது? இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தானே உங்கண்ணன் உக்காருவாரு?"

"ஆமா."

"பழசை மாத்தினது எப்ப?"

"மழைக்கு முன்னாடி. ஏன்?"

"அவரு முடிய மாட்டேங்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சது எப்ப?"

மனைவி அவரையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். "போங்க. விளையாடாதீங்க" என்றாள். அவர் கண்டதை எடுத்துச்சொன்னார். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அவள் வாயடைத்து வைத்திருந்தாள். அந்தப் பெட்டி ஒன்றை மட்டும் ஒருவரும் ஓசையெழுப்பும் பொருளாக எண்ணவில்லை, வாசித்தவர் உட்பட.

அவள் தாழ்ந்த குரலில், "இதை அண்ணன்கிட்ட சொல்லாதீங்க" என்றாள். "ஊர் உலகமெல்லாம் அவனைப் புகழுது. நீ பிரிட்ஜுக்கு வாசிச்சேன்னு எப்படிங்க ஒரு மனுஷன்கிட்ட போய்ச் சொல்றது?"

"சொல்லலன்னா எல்லாத்தையும் அழிக்கணும். தான் ஒண்ணுமே செய்யலன்னு நினைச்சுக்கிட்டே படுத்துக் கிடப்பாரு. எது பரவாயில்ல?"

அவர் எதையும் சொல்லாமல் மைத்துனரை அழைத்துவந்து உட்காரவைத்து, மூலப்பதிவை ஓடவிட்டார்.

கம்பி முதலில் கதவைப் பார்த்தபடி, எப்போது எழலாம் என்ற முகத்தோடு இருந்தார். சிறிது நேரத்தில் முதுகு நிமிர்ந்தது. இடக்கை விரல்கள் முழங்காலின்மீது எதையோ அழுத்தத் தொடங்கின. தடக் என்ற குலுங்கல் வந்தபோது விரல்கள் தாமாக விரிந்துகொண்டன.

"யாரு அது?" என்றார்.

"பிரிட்ஜ் மச்சான். பழசு."

"பிரிட்ஜா?"

"உங்களுக்குப் பின்னாடியே ஓடியிருக்கு. எல்லாத்துலயும். நான்தான் இரைச்சல்னு நினைச்சு வழிச்சு எடுத்துட்டேன். தப்பு என்னோடது."

கம்பி தம் விரல்களைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளா நான் பக்கவாத்தியமா?"

"அப்படி இல்ல மச்சான்."

"அப்படித்தான். முடிச்சது அதுதானே. நான் கூடப் போய் நின்னிருக்கேன்." அவர் முகத்தில் சிரிப்பு வருவதுபோல் வந்து, பாதியில் நின்றது. "அறுத்த மாதிரின்னு எழுதினவனுக்கு ஒரு கடுதாசி போடணும். கத்தி எங்க தங்கச்சியோடதுன்னு."

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பழசை எடுத்துட்டுப் போனவனைக் கேட்டுப் பாக்கட்டுமாண்ணா? எங்கயாவது கிடந்தாலும் கிடக்கும்."

"வேணாம்மா. பாலாவது கெடாம இருக்கட்டும்." சிறிது பொறுத்து, "சும்மா இல்ல, மாப்பிள்ளை" என்றார். "வேற ஒருத்தன் அது பக்கத்துல உக்காந்திருந்தா தலைவலின்னு எழுந்து போயிருப்பான். நான் போகல, பாருங்க."

"போகலையே."

"அப்ப அழிக்க வேணாம். ஆனா அதோடதான் வரணும். அது இல்லாம நான் மட்டும் வரமாட்டேன்."

ஒலிப்பதிவாளர் பதிப்பாளரை அழைத்து, துடைத்த பதிப்பு வேண்டாம், உறுமலோடு கூடிய மூலமே வரவேண்டும் என்றார். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "சார், வாங்குறவன் தட்டுல பழுதுன்னு திருப்பி அனுப்புவான்."

"அனுப்பினா அனுப்பட்டும்."

"நாளைக்கு ஏத்த முடியாது. அடுத்த முறை எப்பக் கிடைக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். அப்புறம், ஒவ்வொண்ணையும் அவர் கேட்டுச் சம்மதம் சொல்லணும். முன்ன மாதிரி ரெண்டு தட்டோட விடமாட்டேன். மறுபடி இந்தக் கூத்து எனக்கு வேணாம்."

அந்த நிபந்தனையை மைத்துனரிடம் எப்படிச் சொல்வது என்று எண்ணியவாறே அவர் திரும்பினார். அருகிலிருந்த கம்பி, தொலைபேசியிலிருந்து கசிந்த குரலைக் கேட்டுவிட்டிருந்தார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான் மச்சான். மாசக்கணக்குல ஆகும்."

கம்பி நாற்காலியை மேசையருகே இழுத்தார். "முதல்லேர்ந்து போடுங்க."

துடைத்த கோப்புகள் இருந்த கோப்புறையை ஒலிப்பதிவாளர் தேர்ந்து நீக்கினார். ஓராண்டு உழைப்பு மறைய ஒரு கொட்டாவிக்குரிய நேரம்கூடப் பிடிக்கவில்லை. அவருடைய காதுகள் உள்ளே வலித்தன. அவர் விரும்பியதெல்லாம் ஓசையற்ற ஓர் அறையில் கண்ணயர்வதை மட்டுமே. இருந்த செவிக்கருவி ஒன்றே என்பதால், அதை விரித்து ஒரு பக்கத்தை மைத்துனரின் காதிலும் மறுபக்கத்தைத் தம் காதிலும் பொருத்தினார். இருவரும் தலையோடு தலை சேர்ந்து அமர வேண்டியிருந்தது.

தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்தாள், எவரும் எடுக்கவில்லை. இளமைக்காலத்துக் கம்பி, அவரே அறியாத துணையோடு வாசித்துக்கொண்டிருந்தார். இப்போதைய கம்பி, உறுமல் நிற்பதற்குச் சற்று முன்பே மேசையிலிருந்து ஒரு விரலை மெல்ல உயர்த்தினார். தடக் என்றது. எல்லாம் நின்றது.

அவர் விரலை இறக்கவில்லை. "அடுத்தது" என்றார்.