வெங்காயத்துக்குள் ஒரு மின்குமிழ்

படத்தை நான் செய்த ஒழுங்கு இதுதான். முதலில் கட்டத்தாளில் ஒரு வெங்காயத்தையும் ஒரு மின்குமிழையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தேன். வெங்காயத்தின் வயிறே குமிழின் கண்ணாடி. குமிழின் பித்தளை மூடிக்குக் கீழே வேர்கள், உச்சியில் பச்சைத் தாள்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுத்து, பஞ்சலிங்கம் மாஸ்டரின் ரியூசன் கொட்டிலில் இருந்த கம்பியூட்டருக்குள் அடித்தேன். மின்குமிழ் சுலபம் என்பதால் அதன் எண்களை முதலில் கொடுத்தேன்.

அந்தக் கம்பியூட்டர் ஒரு பள்ளிக் கொப்பியளவு கறுப்புப் பெட்டி. படம் தெரிவது சின்ன ரீவி ஒன்றில். படத்தைச் சேமித்து வைப்பது பாட்டுக் கசெற்றில்.

சுன்னாகத்தில் தோட்டம் செய்பவர்கள் வெளியிடும் கமக்காரர் மலருக்கு அதுதான் அட்டைப்படம். அச்செடுக்கும் பொறி யாழ்ப்பாணத்தில் மாஸ்டரின் நண்பர் ஒருவரிடம் இருந்தது. என் சின்னம்மாவின் மகன் சீவரத்தினம் கசெற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் புறப்பட்டான். மத்தியானத்துக்கு முன்பே இந்திய ஆமிக்காரரின் ஜீப்பில் திரும்பி வந்தான். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன.

அதிகாரி கொட்டிலுக்குள் வந்து ரோர்ச் பற்றறியில் ஓடும் எங்கள் ரெக்கோடரிலேயே கசெற்றைப் போட்டு, ஒலியை முழுதாகத் திருப்பினார். தகரத்தை ஆணியால் கீறுவது போன்ற சத்தம்.

கூட வந்த சிப்பாய் மதுரைப் பக்கத்தவன். தமிழில் கேட்டான். "என்ன சேதிம்மா இது? யாருக்குப் போகுது?"

"சேதி இல்லை. படம்."

"சத்தத்துல படமா?"

"ஓம். இந்தப் பெட்டி சத்தத்தைக் கேட்டு ரீவியிலை படமாப் போடும்."

அவன் அதிகாரியிடம் சொன்னான். அதிகாரி சிரிக்கவில்லை.

"போட்டுக் காட்டச் சொல்றாரு. படம் வரலைன்னா தம்பி முகாமுக்கு வரணும்."

முகாமுக்குப் போன எதிர்வீட்டுப் பையன் இன்னும் வரவில்லை. அன்று காலையிலிருந்து கறண்டும் இல்லை. அதைச் சொன்னதும் அதிகாரி ஜீப்பின் பக்கம் கையைக் காட்டினார். சீவரத்தினத்தை ஏற்றினார்கள்.

"உங்கடை ஜீப்பின்ரை பற்றறியைக் கழட்டித் தாங்கோ," என்றேன்.

சிப்பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கறண்ட் போனால் கார் பற்றறியில் ரீவி பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். அவன் அதை எப்படி மொழிபெயர்த்தானோ, பற்றறி வந்தது.

மாஸ்டர் என் காதருகே குனிந்தார். "பிள்ளை, ரீவிக்குப் பன்ரண்டு சரி. பெட்டி ஒன்பது வோல்ற். எரிஞ்சு போகும்."

கொழும்பிலிருந்து றெயினில் மடியை விட்டு இறக்காமல் அவர் கொண்டுவந்த பெட்டி அது.

"என்ன சொல்றாரு?" என்றான் சிப்பாய்.

மாஸ்டர் ஜீப்பில் இருந்த சீவரத்தினத்தைப் பார்த்தார். "ஒண்டுமில்லை. கெதியாக் கொளுவச் சொன்னனான்," என்றார்.

பற்றறி வயர்களைக் கொளுவிக் கசெற்றைப் போட்டேன். ரீவியில் கோடுகள் ஓடின, நின்றன. பிழை என்று காட்டியது. அதிகாரி ஒலியைத் திருப்பிவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாஸ்டர் பேனையால் அடையாளமிட்ட இடத்துக்கு ஒலித் திருகைத் திருப்பி, கசெற்றைப் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் போட்டேன். பெட்டியில் கை வைத்தால் சோற்றுப் பானை மாதிரிச் சுட்டது. பிளாஸ்டிக் வெக்கை மணத்தது.

சத்தம் நின்றது. திரையில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் வந்தது. அதன் அடியில் ஒரு மூடி. உள்ளே ஒரு கம்பி. பக்கத்தில் இன்னொரு கம்பி.

சிப்பாயின் துவக்கு மேலே வந்தது.

"உருண்டைக்குள்ள வயரு. என்னம்மா இது?"

"பொறுங்கோ. இன்னும் முடியேல்லை."

"முடிஞ்சா என்ன ஆகும்?"

"வெங்காயமாகும்."

அதிகாரி ஏதோ அதட்டினார். யாரும் அசையவில்லை. அந்தப் பெட்டிக்கு அவசரம் தெரியாது. ஒரு கோட்டைப் போட்டுவிட்டு யோசித்து அடுத்ததைப் போட்டது. வட்டத்தின்மேல் ஒரு தோல் வளைந்தது, பிறகு இன்னொன்று. மூடிக்குக் கீழே வேர்கள் இறங்கின. கடைசியில் உச்சியிலிருந்து தாள்கள் பிரிந்து சாய்ந்தன.

"அட, சின்ன வெங்காயம்," என்றான் சிப்பாய். துவக்கு இறங்கியது.

அதிகாரி திரையைத் தொட்டு ஒரு கேள்வி கேட்டார். சிப்பாய் திருப்பிச் சொன்னான். "வெங்காயத்துக்கு எதுக்கு வயருன்னு கேக்குறாரு."

"அது பல்ப். சுன்னாகத்திலை பேர்போனது ரெண்டு: சந்தையிலை வெங்காயம், பவர் ஸ்ரேசனிலை கறண்ட்."

"இப்ப ஒண்டுதான்," என்றான் ஜீப்பிலிருந்து சீவரத்தினம்.

சிப்பாயின் மீசைக்குள் சிரிப்பு வந்தது. அதை அவன் மொழிபெயர்க்கவில்லை.

கட்டை அவிழ்த்து விட்டார்கள். கசெற்றை அதிகாரி தன் பையில் போட்டார். இன்னொரு கசெற்றில் பதிந்துகொள்ள ஐந்து நிமிடம் கேட்டேன். அதற்குள் ஒருவன் பற்றறியைக் கழற்றிவிட்டான். வெங்காயம் சுருங்கி வெள்ளைப் புள்ளியாகி மறைந்தது.

ஜீப் போனபிறகு மாஸ்டர் பெட்டியைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார். கட்டத்தாள் மேசையில் கிடந்தது. சீவரத்தினம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு அதற்கு முன்னால் குந்தினான்.

"அருந்ததியக்கா, இந்தமுறை வெங்காயத் தாளிலை இருந்து துவங்கு," என்றான்.